அடைக்கலம் கொடுத்த ஊரும் அட்டை கொடுத்த நாடும்

சாலைக் கம்போளத்தில் எங்கள் பலசரக்குக் கடை இருந்த நாட்களில், தீபாவளிக்கு முந்தின வாரம் குளத்துப்புழைப் பக்கத்திலிருந்து சிலர் கூட்டமாக வருவார்கள். ரப்பர் தோட்டத் தொழிலாளிகள். வெல்லம், கடலைப்பருப்பு, எண்ணெய் எல்லாம் ஐந்தாறு குடும்பத்துக்குச் சேர்த்து மொத்தமாக வாங்கிப் போவார்கள். அவர்கள் பேசும் தமிழ் எங்கள் நாஞ்சில் நாட்டுத் தமிழ் இல்லை, திருநெல்வேலித் தமிழும் இல்லை. கடையில் வேலை பார்த்த மலையாளப் பையன்கள் அவர்களைச் 'சிலோன்காரர்' என்பார்கள். அதில் வயதான ஒருவரிடம் அப்பா ஒருநாள் கேட்டார்: "நீங்க அகதியா வந்தவங்களா அண்ணாச்சி?" அந்த மனிதருக்கு முகம் மாறிவிட்டது. "இல்லீங்க முதலாளி. நாங்க இந்தியப் பாஸ்போர்ட்டுல வந்தவங்க" என்றார். சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தும் காட்டினார். நாங்கள் கேட்காமலே காட்டினார். அன்று நான் பள்ளிக்கூடப் பையன். கடைக்குச் சாமான் வாங்க வந்தவர் எதற்காகப் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளப் பல வருஷம் பிடித்தது. அப்படித் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றைத்தான் இம்மலருக்கு எழுதுகிறேன்.

முதலில் நம் தெருவிலிருந்தே தொடங்கலாம்.

சாலை என்றால் இன்றைய தமிழில் ரோடு. பழைய தமிழில் அப்படி இல்லை. அறச்சாலை, பாடசாலை, உண்ணுஞ்சாலை என்று வருகிறதே, அந்தச் சாலை. வந்தவரை இருத்திச் சோறு போட்டுப் படிக்கவும் வைக்கும் இடம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரம் என்றொரு ஊர் உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கே 95 சட்டர்களுக்கு ஒரு சாலை அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு அது அமைக்கப்பட்டதாம். அந்தக் காந்தளூர்ச் சாலைதான் முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தியில் வருவது. நம் கம்போளத்தை ஒட்டியுள்ள வலியசாலைக் கோயிலையே பலரும் அதன் இடமாகக் காட்டுகிறார்கள். இராசராசன் அங்கே அழித்தது கப்பலையா கலத்தையா என்று அறிஞர்களுக்குள் நடந்த சண்டை பெரிது, நமக்கு அது வேண்டாம். ஊருக்குப் பெயர் தந்த சொல்லே 'வந்தவரை இருத்தும் இடம்' என்ற பொருள் உள்ள சொல் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இப்போது நாம் காணும் கம்போளம் அவ்வளவு பழையதல்ல. திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் எழுந்தது. கேசவதாசரும் நம் பக்கத்து மனிதர்தான், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர். 1789இல் திவான் ஆனார். கிழக்கே கோட்டைக்கு வெளியே கிள்ளியாறு வரைக்கும் கடைகளை வைத்து, கிள்ளியாற்றுக்கும் கரமனையாற்றுக்கும் பாலம் போட்டு, தெற்கேயிருந்து நெல்லும் காய்கறியும் கருப்பட்டியும் நேரே தலைநகருக்கு வர வழி செய்தார். தமிழ் வணிகர்கள் வந்து குடியேறினார்கள். ஆரியசாலை, சாலை, மணக்காடு என்று இன்றும் தமிழ் கேட்கும் தெருக்கள் அப்படி உண்டானவை. சாலைத் தெருவிலேயே கடை வைத்திருந்து, அதன் மனிதர்களைக் கதைகளாக்கி, 2015இல் சாகித்திய அக்காதெமி விருதும் பெற்று 2021இல் மறைந்த ஆ. மாதவன் அவர்களை இங்கே நினைக்காமல் போக முடியாது.

கேசவதாசரைத் திவானாக வைத்திருந்த மன்னர் கார்த்திகைத் திருநாள் இராமவர்மா. 1758 முதல் 1798 வரை நாற்பது ஆண்டு ஆண்டவர். சரித்திரத்தில் அவருக்குத் 'தர்மராஜா' என்று பெயர். சத்திரம் கட்டியதாலோ கோயில் கட்டியதாலோ வந்த பெயரென்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதன் முக்கிய காரணம் வேறு. ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்ததற்காக வந்த பெயர் அது.

ஐதர் அலி 1766இல் மலபாரில் இறங்கினார். கோழிக்கோட்டுச் சாமூதிரி தம் அரண்மனைக்குத் தாமே தீ வைத்துக்கொண்டு மாண்டார். அரச குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் தெற்கே ஓடி வந்தனர். அது முதல் அலை. 1788ஐ ஒட்டித் திப்பு சுல்தான் காலத்தில் வந்தது இரண்டாம் அலை, இதுவே பெரியது. சிறக்கல், கோட்டயம், கடத்தநாடு, பரப்பநாடு என்று வடக்கத்திச் சிற்றரச குடும்பங்கள், நம்பூதிரிகள், நாயர்கள், அவர்களைச் சேர்ந்த சாதாரண ஜனங்கள் என்று ஆயிரக்கணக்கில் திருவிதாங்கூருக்குள் வந்தார்கள். தர்மராஜா அவர்களுக்கு வீடு கொடுத்தார், செலவுக்கு ஏற்பாடு செய்தார், கேசவதாசரை அந்த வேலைக்குப் பொறுப்பாக வைத்தார்.

திருவிதாங்கூரின் மேல் திப்பு சொன்ன குறைகளில் இதுவும் ஒன்று: என்னிடமிருந்து ஓடியவர்களுக்கு நீ இடம் கொடுத்திருக்கிறாய். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மன்னர் இணங்கவில்லை. 1789 டிசம்பர் கடைசியில் நெடுங்கோட்டையில் போர் வந்தது. போருக்கு வேறு காரணங்களும் இருந்தன. டச்சுக்காரர்களிடம் கொடுங்கல்லூர்க் கோட்டையை வாங்கியது, ஆங்கிலேயரோடு கொண்ட உறவு, கொச்சி நாட்டு விவகாரம் எல்லாம் உண்டு. அகதிகளுக்காக மட்டுமே போர் நடந்தது என்று எழுதுவது மிகை. ஆனால் கேட்டபோது கொடுத்து அனுப்பியிருந்தால் ஒரு சச்சரவு குறைந்திருக்கும், அதை அவர் செய்யவில்லை. (அந்த நெடுங்கோட்டையைப் பலப்படுத்திய டிலனாய் யார்? 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிச் சேனாதிபதி. அவரும் அந்நியர்தான். இந்த மண்ணிலேயே வேலை பார்த்து 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார்.)

வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பரப்பநாட்டுக் குடும்பம் சங்ஙனாசேரியில் குடியமர்ந்தது. அவர்களுடைய இலட்சுமிபுரம் அரண்மனை இன்றும் நிற்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை ஒருவரைத்தான் திருவிதாங்கூர் இராணி மணந்தார். அவர்களுக்கு 1813இல் பிறந்த மகன் சுவாதித் திருநாள். ஓடி வந்த வீட்டின் இரத்தம் இருபத்தைந்து ஆண்டுக்குள் சிம்மாசனத்துக்கு உரிமை பெற்றுவிட்டது. அதே இலட்சுமிபுரத்தில் 1845இல் பிறந்தவர் கேரளவர்மா வலிய கோயித்தம்புரான், 1863இல் பிறந்தவர் ஏ.ஆர். இராஜராஜவர்மா. பின்னவர்தான் 'கேரள பாணினீயம்' எழுதியவர். நம் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிற மலையாள இலக்கணத்தை வகுத்தவர் ஓர் அகதிக் குடும்பத்தின் வாரிசு! இதை இங்குள்ள எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இந்தக் கதையைச் சொல்லும் சங்குண்ணி மேனோனும் (1878) நாகமையாவும் (1906) திருவிதாங்கூர் சர்க்கார் சேவகத்தில் இருந்தவர்கள். மன்னர் புகழ் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அரச வீட்டாருக்கு என்ன கிடைத்தது என்பது விவரமாக வருகிறது, அவர்கள் பின்னால் நடந்து வந்த ஏழைக்கு என்ன கிடைத்தது என்பது அவ்வளவாக வருவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடைக்கலம் கொடுத்த இதே நாட்டில்தான் அடிமை முறை 1855 வரை சட்டப்படி இருந்தது. இதே நாட்டில்தான் புலையர் பொதுத்தெருவில் நடக்க அய்யன்காளி போராட வேண்டி வந்தது. 1898இல் பாலராமபுரம் சாலியர் தெருவில் அவருடைய கூட்டத்தார் நடந்தபோது மோதல் வெடித்தது. அந்தத் தெருவில் இருந்த நெசவாளிகள் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். வந்தேறியாக இடம் பெற்றவன் அடுத்தவனுக்குத் தெருவை மறுத்தான். நம்மவர் வரலாற்றில் இந்தப் பக்கமும் உண்டு.

சொல் ஒன்றைப் பற்றி

மலையாளத்தில் 'அபயார்த்தி' என்கிறார்கள், அபயம் கேட்பவன். நாம் 'அகதி' என்கிறோம், கதி இல்லாதவன். மலையாளத்திலும் அகதி உண்டு, ஆனால் பொருள் வேறு. 'அகதி மந்திரம்' என்று பலகை கண்டால் அது ஆதரவற்றோர் இல்லம். ஒருவன் வந்து கேட்கிறான் என்பது ஒரு சொல்லில் இருக்கிறது, அவனிடம் ஒன்றும் இல்லை என்பது மற்றதில் இருக்கிறது. கேட்பவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாதவனுக்கு இரக்கப்பட்டால் போதும். நம் பழைய சொல் 'அடைக்கலம்' இந்த இரண்டையும்விட நல்ல சொல். அதில் பொறுப்பு கொடுத்தவன் மேல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். கண்ணகியை ஏற்றுக்கொண்டவள் மாதரி என்ற இடைக்குலப் பெண், அரசன் அல்ல. சங்ககாலத்திலும் எல்லாரும் கொடுத்துவிடவில்லை. பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் கூட்டிக்கொண்டு போனபோது விச்சிக்கோனும் இருங்கோவேளும் மறுத்துவிட்டார்கள்.

இனிக் குளத்துப்புழைக் கிழவருக்கு வருவோம்.

அவருடைய தாத்தா காலத்தில் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணி கூட்டிப்போன ஜனங்கள் திருநெல்வேலி, மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து ஏழைகள். மூன்று நான்கு தலைமுறை அங்கே லயன் வீடுகளில் கழிந்தது. 1948 பிப்ரவரி 4இல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதே ஆண்டிலேயே 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பனும் பாட்டனும் இங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றது சட்டம். லயனில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அச்சட்டத்தை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து வந்தவர் செல்வநாயகம். அன்று ஆதரித்த யாழ்ப்பாணத்துத் தலைவர்களும் இருந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் கணக்கு. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, பாக்கி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்க்கலாம். அந்தப் பாக்கியை 1974இல் இந்திராவும் சிறிமாவோவும் 75 ஆயிரம், 75 ஆயிரம் என்று பாதியாகப் பங்கிட்டார்கள். மூட்டைக் கணக்குப் பார்க்கிற வியாபாரி நான். சரக்கைக்கூட இப்படிப் பங்கு போட்டால் தரம் பார்த்துப் போடுவோம். எந்த ஆளையும் நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டு இந்த எண்ணிக்கை வந்ததல்ல. எண்ணிக்கை முதலில், ஆள் பிறகு.

கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கே 'குடும்ப அட்டை' பெற்று, எந்த ஊர் என்று எழுதியிருக்கிறதோ அந்த ஊருக்குப் போனார்கள். மண்டபம் முகாமும் ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளைத் தடுத்து வைத்து நோய் பார்த்து அனுப்பிய இடம். போனபோது தாத்தா தங்கிய கொட்டகை வழியாகவே பேரன் திரும்பினான். சர்க்கார் இவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்பியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை!

தமிழ்நாட்டில் நீலகிரியில் இவர்களுக்காகவே 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னால் டான்டீ. கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் ரப்பர். நிக்கோபாரில் கச்சால் தீவில்கூட ரப்பர். நம் கேரளத்தில் 1976இல் புனலூரைத் தலைமையிடமாக வைத்து மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனி ஒன்றைத் தொடங்கின. குளத்துப்புழை, ஆயிரநல்லூர் எஸ்டேட்கள் அதனுடையவை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கே அமர்ந்தன. பத்தனம்திட்டை மாவட்டத்துக் கவியில் வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்துக்கும் இவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 2012இல் வந்த ஒரு மலையாளப் படத்துக்குப் பிறகு கவிக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் அதிகம். குளிரும் யானையும் பார்த்துத் திரும்புகிறார்கள். அங்கே ஏலக்காய் பறித்தவர்கள் எப்படி அந்தக் காட்டுக்கு வந்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

நியாயமாகப் பார்த்தால் இந்தத் திட்டங்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வேலை நிரந்தரம், பிராவிடண்ட் பண்டு, லயத்தில் வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். வியாபாரக் கடன் என்று தமிழ்நாட்டில் சில ஆயிரம் ரூபாய் பெற்று, அதை இடைத்தரகனிடம் இழந்து, கொடைக்கானல் காட்டிலும் நீலகிரித் தனியார் தோட்டத்திலும் கொத்தடிமை போல ஆனவர்களோடு பார்த்தால் குளத்துப்புழைக்காரர்கள் பாக்கியசாலிகள். ஆனாலும் லயன் என்ற சொல்லை விட்டு லயம் என்ற சொல்லுக்குத்தான் வந்தார்கள். காடு வெட்டினார்கள், அட்டைக்கடி பட்டார்கள், வேலையில் இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பயம் என் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் இருந்தது. நிலம் ஒரு செண்டுகூடக் கையில் இல்லை. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால், உன் அப்பன் 1950இல் இந்த மாநிலத்தில் இருந்தானா என்ற கேள்வி. 1950இல் அவன் அப்பன் பதுளையில் இருந்தான், அங்கே அவனை இந்தியன் என்றார்கள்.

ஒரு தடவை அப்படி ஒரு விண்ணப்பத்துக்குத் துணையாக நானே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். குமாஸ்தா நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், சாயா வாங்கித் தந்தார். "இவர் எவிடத்துகாரன்?" என்று கேட்டார். நான் பதில் யோசித்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி என்னைப் பார்த்தும் கேட்கத்தக்கது என்று தோன்றியது. என் தாத்தா கல்குளம் தாலுகாவிலிருந்து சாலைக்கு வந்தவர். அன்று கல்குளமும் திருவனந்தபுரமும் ஒரே நாடு, ஒரே மன்னர், ஒரே கச்சேரி. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தாத்தா கடைத் திண்ணையைவிட்டு இறங்கவில்லை, ஆனால் அன்று காலை முதல் வெளிமாநிலத்தார் ஆகிவிட்டார். நமக்கு அதனால் குடியுரிமை போகவில்லை, வாக்கு போகவில்லை. எல்லை நகர்ந்த கதை ஒன்றுதான், கிடைத்த பலன் வேறு. இந்தியக் குடியரசு என்ற ஒரே கூரை மேலே இருந்ததால் நாம் தப்பித்தோம். பதுளைக்காரனுக்கு அந்தக் கூரை இல்லை.

முகாம்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்கள் வேறு வகை. இவர்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை 3 லட்சத்து 4 ஆயிரத்து 269 பேர் வந்தார்கள். தமிழ்நாடு அன்று கதவை அகலமாகத் திறந்தது. ஊரெல்லாம் ஊர்வலம், கடையடைப்பு. சாலையிலும் தமிழ்க் கடைக்காரர்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள், அப்பாவும் கொடுத்தார். 1991 மே 21க்குப் பிறகு காற்று திரும்பியது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதில் தடை வந்தது, பிறகு நீங்கியது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போகத் தடை வந்தது. 1995 மார்ச் வரை 99 ஆயிரத்து 469 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தம் விருப்பத்தோடுதான் போகிறார்களா என்ற கேள்வி சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டது.

இந்தியாவில் அகதிக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் நம் நாடு கையெழுத்திடவில்லை. அதன் பொருள் நாம் யாரையும் ஏற்கவில்லை என்பதல்ல. 1959 முதல் திபெத்தியரை ஏற்றோம், பைலகுப்பேயில் நிலமே கொடுத்தோம். 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு கோடிப் பேருக்குச் சோறு போட்டோம். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பணக்கார நாடுகள் பல இதில் பத்தில் ஒரு பங்கு செய்ததில்லை. ஆனால் சட்டம் இல்லாததால் எல்லாம் அந்தந்தக் காலத்து மனநிலையைப் பொறுத்தது. ஒரு முதலமைச்சர் காலத்தில் உறவு, இன்னொருவர் காலத்தில் சந்தேகம். அந்த உடன்படிக்கையின் உயிர்நாடி, ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது. தர்மராஜா செய்தது அதுதான், உடன்படிக்கைக்கு 160 ஆண்டு முன்னால். அவரும் சட்டப்படி செய்யவில்லை, தம் தர்மப்படி செய்தார். அடுத்த மன்னர் வேறு மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனநிலையை நம்பி வாழ்வது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

மற்ற நாடுகளின் மனநிலையும் மாறியது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடா மீனவர்கள் காப்பாற்றினார்கள், அந்நாடு தங்க அனுமதி கொடுத்தது. 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் வந்த 492 தமிழரை அதே கனடா காவலில் வைத்தது. அப்படியும் அங்கே ஒன்று உண்டு. கேட்டால் வழக்காகக் கேட்பார்கள், ஏற்றால் குடியுரிமை வரை வழி இருக்கும். அதனால்தான் மண்டபத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வந்து இருபது முப்பது வருஷம் இருந்தவர்கள்கூட மறுபடியும் படகேறத் துணிகிறார்கள். 2022 செப்டம்பரில் நம் கொல்லத்திலேயே லாட்ஜில் தங்கிக் கடல் கடக்கக் காத்திருந்த சிலர் பிடிபட்டார்கள். பத்திரிகை 'மனிதக் கடத்தல்' என்று எழுதியது. கடத்தியவனைப் பற்றி அது சரி. ஏறப் போனவன் ஏன் ஏறப் போனான் என்பது அந்தச் செய்தியில் இல்லை.

முகாம்களில் இருப்போரில் ஒரு பகுதியினர் மலையகத்துக்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டியவர்கள், காகிதம் முடிவதற்குள் கலவரம் வந்து, வடக்கே வவுனியா பக்கம் ஓடி, அங்கிருந்து படகேறி வந்தவர்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று. கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர், படகில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி! கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இப்படிப்பட்ட 65 பேர் வழக்குப் போட்டார்கள். 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களுக்கு ஆதரவாகப் பேசி, மத்திய அரசு அவர்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்ற பழைய சட்டம் மட்டும் சிலருக்குக் கைகொடுத்தது. முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 1987க்குப் பின் பிறந்த அவருடைய தம்பி தங்கை வயதுக்காரர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 7,469 புது வீடுகள், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று அறிவித்தது. வீடுகள் பல கட்டி முடிந்ததை நானே திருச்சிப் பக்கம் போனபோது பார்த்தேன். நல்ல வீடுகள். பழைய பத்துக்குப் பத்து அறையோடு பார்த்தால் மாளிகை. பட்டா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், தண்டனை முடிந்த ஓர் இலங்கைத் தமிழர் தம்மை நாடு கடத்த வேண்டாம் என்று கேட்ட வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரம் அல்ல என்று நீதிபதி வாய்மொழியாகச் சொன்னது எல்லாப் பேப்பரிலும் வந்தது. சட்டப்படி அவர் சொன்னதில் எனக்கு வாதம் இல்லை, நான் வக்கீலும் இல்லை. ஆனால் தர்மசத்திரம் என்பது ஏளனச் சொல்லாகிவிட்டதே என்று மட்டும் நினைத்தேன். சாலை என்ற பெயருள்ள தெருவில், தர்மராஜாவின் திவான் போட்ட கடைத்தெருவில் இருந்துகொண்டு அதைப் படித்தேன்.

அதே 2025 செப்டம்பரில் 1946ஆம் ஆண்டு அந்நியர் சட்டம் போய்ப் புதுக் குடிவரவு, அந்நியர் சட்டம் அமலானது. கூடவே ஓர் ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்கிறது. நாற்பது ஆண்டாகச் 'சட்டவிரோதம்' என்று தலைமேல் தொங்கிய கத்தி அந்த அளவுக்கு விலகியது. குடியுரிமை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

குளத்துப்புழைக் கிழவர் காலமாகி வெகுநாள் ஆயிற்று. அவருடைய பேரன் திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வாக்காளர் அட்டை, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் உண்டு. மலையாளம் என்னைவிட நன்றாகப் பேசுகிறான். போன ஓணத்துக்குக் கடைப் பக்கம் வந்தவனிடம் தாத்தாவின் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு அங்கிள், அப்பா அலமாரியில் பூட்டி வெச்சிருக்கார். எதுக்கு இன்னும் வெச்சிருக்கீங்கன்னு கேட்டா, இருக்கட்டும்ங்கறார்" என்றான்.